மழைக்குப் பிடித்த ஏழு ரூபாய் ஐம்பது சதம்

கினிகத்தேனைக் கடைவீதியில் வீரய்யாவைக் கோபக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார், ரசீது கேட்பார். சத்தம் போடுகிறவன் எவ்வளவோ மேல் என்று அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் பிற்பாடு சொன்னார்கள். சத்தம் போட்டவன் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடுவான். ரசீது வாங்கிப் போனவர் எந்த வருஷம் திரும்பி வருவார் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் குணம் அவருக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வந்தது. பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாய் காளியாயி கொழுந்து பறித்தாள். அந்தப் பக்கத்தில் மழை பெய்வதற்குக் காரணம் வேண்டியதில்லை, நிற்பதற்குத்தான் வேண்டும். மழை நாளில் கூடையை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு, தண்ணிக்கு ரெண்டு கழிச்சுப் பதினாறு" என்று எழுதுவார். கொழுந்தோடு வந்த மழைத்தண்ணீருக்குத் தோட்டம் காசு கொடுக்காதாம். நியாயம் போலத்தான் தோன்றும். பதினேழு வயதில் வீரய்யா ஒருநாள் தாயின் கூடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்:

"மழைக்கு ரெண்டு ராத்தல் கழிக்கிறீங்க. வெயில் நாள்ல கொழுந்து கூடையிலயே வாடிப்போகுதே, அதுக்கு ரெண்டு ராத்தல் கூட்டுவீங்களா ஐயா?"

கணக்கப்பிள்ளையிடம் பதில் இல்லை. ஆனால் அதிகாரம் இருந்தது. அந்த வாரமே வீரய்யாவின் பெயர் தோட்டத்து ஆட்பதிவான செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டது. பெயர் வெட்டியதற்கும் அவர் ஒரு துண்டு எழுதிக் கேட்டாராம். கொடுக்கவில்லை.

கினிகத்தேனைக்கு வந்து ஜமால்தீன் முதலாளியின் கடையில் மூட்டை தூக்கினார். பிறகு நிறுவையில் நின்றார். பிறகு பேரேடு எழுதினார். ஜமால்தீன் முதலாளி கண்டிக்குப் போய் மகளோடு இருக்க முடிவுசெய்தபோது கடையைத் தவணை முறையில் வீரய்யாவுக்கே கொடுத்துவிட்டார். அரிசி, கருவாடு, துணி, மண்ணெண்ணெய், கம்பளி. சுற்றியிருந்த நான்கு தோட்டத்து ஆட்களும் மாதம் முழுக்கக் கடனுக்கு வாங்கி, பத்தாம் தேதி சம்பளம் வாங்கிய கையோடு வந்து கட்டுவார்கள்.

அந்தச் சம்பளம் எப்படி வரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தூறலில் நின்று பெண்கள் நோட்டை வாங்குவார்கள். வாங்கிய நோட்டு முந்தானை முடிச்சுக்குள் போகும், அல்லது வெற்றிலையும் சுண்ணாம்புமாக இருக்கும் சுருக்குப் பைக்குள். பிறகு நான்கு மைல் மழையில் நடை. வீரய்யாவின் மேசைக்கு வந்து சேரும்போது அந்த நோட்டைத் தாள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். அவித்த கீரை மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்தால் மூன்று சேர்ந்து வரும். வீரய்யா அவற்றைக் கட்டுக்கட்டாக நூலால் கட்டி, மறுநாள் காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு, வங்கிக்குக் கொண்டுபோவார். அதே பதினோராம் தேதியைப் போட்டு, கொழும்பில் தமக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்குச் செக்கும் கொடுத்திருப்பார். காலையில் காசு உள்ளே போகும்; பிற்பகலில் செக்கு வந்து காசு வெளியே போகும். நாலு வருஷமாக இது நடந்தது.

இந்த நாலு வருஷத்தில் வங்கியிலிருந்து வரும் கணக்குத் தாளில் ஒரு வரி அடிக்கடி இருந்தது. ஏழு ரூபாய் ஐம்பது சதம் கழிவு. வீரய்யா அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார், பேரேட்டில் 'வங்கிப் பிடிமானம்' என்று தலைப்புப் போட்டு எழுதியும் வைத்தார். ரசீது கேட்டே பிழைத்த மனிதர் இதை ஏன் கேட்கவில்லை? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே சம்பளம் என்றாலே பிடித்தது போக வருவதுதான். அரிசிக்குப் பிடிப்பார்கள், டோபிக்குப் பிடிப்பார்கள், நாவிதருக்குப் பிடிப்பார்கள், கோயிலுக்குப் பிடிப்பார்கள். வழுக்கைத் தலையனுக்கும் நாவிதர் காசு உண்டு. ஆகவே வங்கி என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு பிடிமானம் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவருக்குப் பழகிப்போனதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லி.

நாற்பத்தெட்டில் வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணிலேயே பிறந்த வீரய்யாவை இந்தியத் தமிழர் என்று ஒதுக்கி, எந்த மண்ணுக்கும் இல்லாதவர் ஆக்கிவிட்டது. அடுத்த வருஷத்துச் சட்டம், விண்ணப்பம் போட்டால் பார்க்கலாம் என்றது. அவர் ஐம்பத்தொன்றில் போட்டார். நாலு வருஷம் யோசித்துவிட்டு இப்போது அக்டோபர் இருபதாம் தேதி ஹட்டனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டும். நிலையான வருமானம் இருப்பதற்கும் சாட்சி வேண்டும். முதலாவதற்குக் கடைச் சீட்டுகள் மூட்டையாகக் கிடந்தன. இரண்டாவதற்கு வங்கியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தார். பதினோராம் தேதி நோட்டுக் கட்டுகளைக் கொடுக்கும்போது கேட்டார். பதின்மூன்றாம் தேதி போய் வாங்கினார்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. வங்கியின் தலைமைக் கிளார்க் கணேசமூர்த்தி, யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார். கடைசி வரியில் குரல் கொஞ்சம் தணிந்தது.

"மேற்படியாரின்ரை கணக்கு வழமையாகக் கடனிலை ஓடுறது எண்டு போட்டிருக்கு."

"யாரு கணக்குங்க?"

"உங்கடைதான், முதலாளி."

"கடனா? நான் யார்கிட்ட வாங்கினேன்?"

"எங்களிட்டைத்தான். ஓவர்டிராஃப்ட். ஒவ்வொரு முறையும் ஏழு ஐம்பது அறவிட்டிருக்கிறமே, நீங்கள் பாக்கேல்லையே?"

"அது பிடிமானம் இல்லீங்களா ஐயா?"

"என்ன பிடிமானம்?"

"டோபிக்குப் பிடிக்கிற மாதிரி..."

கணேசமூர்த்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாங்கிலை ஏது டோபி, முதலாளி!"

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில், அவருடைய முதுகுக்குப் பின்னால் மேனேஜர் துரையின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. கணப்புக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு கொடி கட்டி, பியோன் அழகன் ஈர நோட்டுகளைக் கிளிப்பு மாட்டி ஒவ்வொன்றாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அப்போதைய நோட்டில் மகாராணி படம் இருந்தது. ஐம்பது மகாராணிகள் வரிசையாகத் தொங்கினார்கள். அவர்களுக்குக் கீழே மேனேஜர் துரை கால்களை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஈர நோட்டை எண்ண முடியாது. காயவைத்து மறுநாள் எண்ணுவார்கள். எண்ணிய நாள்தான் வரவு நாள். அதற்குள் பதினோராம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழும்புச் செக்கு வந்துவிடும். வீரய்யாவின் காசு வங்கிக்குள்ளேயே கொடியில் தொங்கும். புத்தகத்தில் மட்டும் அவர் கடன்காரர்.

"பகல் பதினோரு மணிக்கு உங்க கையில குடுத்தேன். செக்கு ரெண்டு மணிக்கு வந்துச்சு. அப்ப எங்காசு உள்ளதான இருந்துச்சு?"

"உள்ளைதான் இருந்தது. எண்ணேல்லை."

"நனைஞ்சா பத்து ரூபா எட்டு ரூபாயாயிருமா?"

"ஆகாது. ஆனால் ரூல் ஒண்டு இருக்கெல்லே. நீங்கள் ஒண்டு செய்யலாம், காயவைச்சுக் கொண்டு வாங்கோ."

"கினிகத்தேனையிலயா?"

கினிகத்தேனையில் கல்யாண வேட்டியே நனைந்தபடிதான் கட்டிக்கொள்கிறார்கள் என்பது யாழ்ப்பாணத்துக்காரருக்கும் தெரிந்திருந்தது. "எண்டால் செக்குக்குப் பன்ரெண்டாம் திகதி போடுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

"உங்க அடுப்பு காயுற நேரத்துக்கு நான் தேதியை மாத்தணுமாங்க?"

ஏழு ஐம்பதுக்காக வீரய்யாவுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நாலு வருஷம் வாய்மூடிக் கொடுத்தவர்தானே. ஆனால் கையில் இருந்த கடிதம், இவர் பழக்கமாகக் கடன்படுகிறவர் என்று முத்திரை குத்திச் சொல்லியது. இதை இருபதாம் தேதி விசாரணை உத்தியோகத்தரின் மேசையில் வைத்தால் நிலையான வருமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வைக்காமல் போனால், ஏன் வைக்கவில்லை என்பார்கள். இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது, நோட்டு எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதில் போய் நிற்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது.

கடைக்கு வந்ததும் சீட்டுக் கம்பியை இறக்கினார். நோட்டுக் கட்டைக் கொடுக்கும்போது வங்கி ஒரு கைச்சீட்டு கொடுக்கும்: தேதி, எத்தனை கட்டு, இவர் சொன்ன தொகை, ரப்பர் முத்திரை. வீரய்யா அவற்றைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்திருந்தார். நாலு வருஷத்துச் சீட்டு. ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் கணக்குத் தாள். தேதிகளை உரக்கப் படித்தார். மனைவி சண்முகவடிவு பருப்பில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்திரண்டு, பிப்ரவரி பதினொண்ணு. பிடிமானம் இல்ல."

"அன்னைக்குப் பொரி வெயில். மல்லியெல்லாம் காயப்போட்டேன்."

"ஜூன் பதினொண்ணு. ஏழு ஐம்பது."

"அன்னைக்குத்தான் பின்கட்டுத் தகரம் பறந்துச்சு."

"அக்டோபர். ஏழு ஐம்பது."

"அது பக்கத்து வீட்டுப் பூரணி கல்யாணம். பந்தல் ஒழுகி சோத்துல தண்ணி." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இங்க பாருங்க, காஞ்ச மாசத்துல ஒண்ணும் இல்லையே? மழைக்கு மட்டுந்தான் பிடிச்சிருக்கான்!"

வீரய்யா சீட்டுகளைப் பிரித்து எண்ணினார். இருபத்தொன்பது மழை மாதங்கள். இருநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது சதம். கொழுந்து மடுவத்தில் தாயின் கூடைக்குப் பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. அங்கே ராத்தலில் கழித்தார்கள், இங்கே ரூபாயில் கழிக்கிறார்கள். மழை ஒன்றுதான், பெய்வதும் ஒரே தலையில்தான்.

"அம்பது வருசம் கணக்கு எழுதின மாதிரி பேசுவீங்களே," என்றாள் சண்முகவடிவு. "நாலு வருசமா மழைக்கு வாடகை கட்டியிருக்கீங்க. அழகா தலைப்பு வேற போட்டு எழுதியிருக்கீங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு வடிவு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்க சும்மா இருக்காதீங்க."

அப்போதுதான் அவர் கை ஒரு சீட்டில் நின்றது. மற்ற சீட்டுகளைவிட அது கொஞ்சம் பெரியது, ஓரத்தில் கருகல் வாசனைகூட மிச்சம் இருப்பது போலத் தோன்றியது. ஐம்பத்து நாலு ஜூன். அன்று அழகன் கொடியைத் தாழக் கட்டிவிட்டான். ஒரு பத்து ரூபாய் நோட்டு கணப்பில் விழுந்து பாதி எரிந்துபோயிற்று. மேலிடத்துத் தணிக்கைக்காரர் வரும் சமயம். கணேசமூர்த்தி பயந்துபோய் அன்று மாலையே வங்கிக் காசில் பத்து ரூபாயை எடுத்து வீரய்யாவின் கணக்கில் வரவு வைத்து, அதற்கு ஒரு சீட்டும் எழுதிவிட்டார். வீரய்யா அந்தத் தாளையும் கணக்குத் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சிரித்தார். அவர் சிரித்தது சண்முகவடிவுக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருப்பதே தேவலை என்று தோன்றியது.

மறுநாள் காலை முதல் பஸ். வங்கியில் அவர் கணேசமூர்த்தியிடம் நிற்கவில்லை. மேனேஜர் துரையைப் பார்க்க வேண்டும் என்றார். துரைக்குத் தமிழ் தெரியாது; ஆகவே கணேசமூர்த்தியே நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. தன் மீதே வந்த புகாரைத் தானே இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும் கொடுமை எந்தக் கிளார்க்குக்கும் வரக்கூடாது.

வீரய்யா மழை மாதத்து இருபத்தொன்பது சீட்டையும் மேசையில் பரப்பினார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கருகல் சீட்டை வைத்தார்.

"துரைகிட்ட கேளுங்க ஐயா. போன வருசம் ஜூன் பதினொண்ணு, என்னோட நோட்டு நூத்தி எழுபது தாள் இங்க தொங்குச்சு. அதுல ஒண்ணு எரிஞ்சுபோச்சு. எரிஞ்ச நோட்டுக்கு எந்தத் தேதியில வரவு?"

கணேசமூர்த்தி கணக்குத் தாளைப் பார்த்தார். "பதினொண்டு," என்றார், துரைக்குச் சொல்லாமலே.

"எரியாத நூத்தி அறுபத்தொம்பதுக்கு?"

"பன்ரெண்டு."

"அப்ப பதினொண்ணாந் தேதி சாயங்காலம், இந்த ஊர்லயே எனக்குச் சொந்தமா இருந்த ஒரே நோட்டு, எரிஞ்சுபோனதுதான். முழுசா இருந்ததெல்லாம் எனக்கில்ல. சரிதானுங்களா? நான் லாபமா இருக்கணும்னா எல்லாத்தையும் நீங்க எரிச்சிருக்கணும்."

கணப்புப் பக்கத்தில் அழகன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். கணேசமூர்த்தி இங்கிலீஷில் சொன்னார். முழுவதையும் சொன்னாரா என்பது தெரியாது. ஆனால் துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்ததைப் பார்த்தால் முக்கால்வாசியாவது சொல்லியிருப்பார். துரை கருகல் சீட்டை எடுத்தார். முத்திரையைப் பார்த்தார். 'வங்கியின் பொறுப்பில் இருக்கையில்' என்று கணேசமூர்த்தியின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. துரை மேலே தொங்கும் கொடியைப் பார்த்தார். தன் கால்களையும் பார்த்துக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார்.

"இருநூற்றுப் பதினேழு ஐம்பதையும் உங்களுக்கு நல்லெண்ணத்திலை தாறம் எண்டு துரை சொல்லுறார்."

"நல்லெண்ணமா?"

"ஓம். பாங்கின்ரை அன்பளிப்பு மாதிரி."

வீரய்யா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துத் துரைக்கு முன்னால் வைத்தார். சட்டைக்கு உள்ளே இரவெல்லாம் வைத்துக் காயவைத்த நோட்டு, தொட்டால் மொறமொறவென்றிருந்தது.

"இதை எடுத்துக்கிடச் சொல்லுங்க. எரிஞ்ச நோட்டுக்கு அன்னைக்கே தந்தீங்களே, அது தப்பு. உங்க ரூல்படி அன்னைக்கு அது என் காசில்ல. நான் கடன்காரன், கடன்காரனுக்கு எதுக்குப் பத்து ரூபா? ஒரு ரசீது மட்டும் குடுத்துருங்க. 'வங்கியின் பொறுப்பில் இருந்த காசு வாடிக்கையாளர் காசில்லை'ன்னு எழுதி."

"அப்பிடி எழுத ஏலாது, முதலாளி!" கணேசமூர்த்தி பதறினார். "அது வெளியிலை தெரிஞ்சால் ஆர் இஞ்சை காசு போடுவினம்?"

"அப்ப மத்ததை எழுதுங்க. பதினொண்ணாந் தேதி குடுத்த காசு பதினொண்ணாந் தேதியிலேருந்து என் காசுன்னு. அன்பளிப்பெல்லாம் வேணாங்க. எங்காசை எனக்கு அன்பளிப்பாத் தர நீங்க யாரு? நான் கடன்பட்டதே இல்லன்னு எழுதுங்க. அதுக்குப் பிறகு அந்தக் காசைக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

கடைசியில் சொன்னது பொய். கொடுக்காவிட்டால் அவர் ஒரு வருஷம் தூங்கியிருக்கமாட்டார். ஆனால் அந்த நேரத்தில் அவர் குரலில் அது உண்மை போலவே இருந்தது.

துரை ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே ஹட்டன் கடைத்தெரு மழையில் மங்கலாகத் தெரிந்தது. திரும்பி வந்து, பத்து ரூபாய் நோட்டை ஒரு விரலால் வீரய்யா பக்கம் தள்ளினார். கணேசமூர்த்தியிடம் இரண்டே வார்த்தை சொன்னார். பகல் ஒரு மணிக்குப் புதிய கடிதம் தட்டச்சாகி வந்தது. கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து மேற்படியார் கடன்பட்டதில்லை; முன்பு அறவிட்ட தொகை தவறாக அறவிடப்பட்டது; திருப்பி வைக்கப்பட்டுள்ளது. வீரய்யா அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கையில் வாங்கும் முன், "தேதி?" என்றார்.

"இண்டைக்குத்தான், முதலாளி. இண்டைக்குத்தான்," என்றார் கணேசமூர்த்தி. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. ஹட்டனில் புரட்டாசி மழையில் வியர்ப்பது சாமானியமல்ல.

அடுத்த வாரம் வங்கி வாசலில், ஈர நோட்டுகள் ஏற்கப்படமாட்டா என்று ஓர் அறிவிப்பு மாட்டினார்கள். அதை இங்கிலீஷில் எழுதியிருந்ததால், ஈர நோட்டுக் கொண்டுவருகிறவர்கள் யாரும் வாசிக்கவில்லை. நோட்டுகள் முன்போலவே கொடியில் தொங்கின. ஆனால் வரவு மட்டும் கொடுத்த நாளிலேயே விழுந்தது. அழகன் கொடியைக் கொஞ்சம் உயரத்தில் கட்டினான்.

இருபதாம் தேதி விசாரணை உத்தியோகத்தர் அந்தக் கடிதத்தை அரை நிமிஷம் பார்த்தார். அதற்காக நடந்த போரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கோப்பில் குத்திவிட்டு, தகரம் பறந்த பின்கட்டைப் பற்றியும் ஐம்பத்தொன்றுக்கு முந்திய கடைச் சீட்டுகளைப் பற்றியும் முக்கால் மணி நேரம் கேட்டார். முடிவு தபாலில் வரும் என்றார். வீரய்யா ரசீது கேட்டார். விசாரணைக்கு வந்ததற்கு ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லையாம். வழக்கம் இல்லை என்று எழுதித் தரச் சொன்னார்.

தபால் இரண்டு வருஷம் கழித்து, ஆனி மாதத்தில் வந்தது. தபால்காரர் உறையைக் கோட்டுக்குள் ஒளித்துத்தான் கொண்டுவந்தார். கினிகத்தேனை மழைக்கு அது போதவில்லை. வீரய்யா பிரித்தபோது பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழ் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல் பிரித்து, அடுப்புப் பக்கத்துக் கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டார். பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அழகன் மாதிரி அலட்சியமாக இருக்க அவர் தயாரில்லை.

சண்முகவடிவு அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"அதுல இருக்கிற எழுத்து காயிற வரைக்கும் நீங்க எந்த நாட்டு ஆளு? நாளைக்குக் காலையிலதான் கணக்குல சேருவீங்களோ?"

வீரய்யா எழுந்து போய்ப் பேரேட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தார். ஈர உறையின் முத்திரையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, அன்றைய தேதியை எழுதினார். எதிரே, வரவுப் பக்கத்தில், தம் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார்.

"வந்த நாள்லேருந்துதான்," என்றார்.